ஐந்தாவது தட்டு

நூற்று நாற்பதில் முப்பத்தெட்டு. பிரிண்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே சுகந்தி தன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில் இரண்டே வேலைகள். ஒன்று கணக்குப் பிரிவின் தணிக்கை அறிக்கை, நூற்று நாற்பது பக்கம். அதன் பின்னால் ஒரே ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தின் பெயரை எத்தனை முறை படித்தாளோ, ஒவ்வொரு முறையும் அது அதுவாகவே இருந்தது. ஆங்கில எழுத்தில் நஞ்சப்பன், அடுத்து பணிவிடுவிப்பு, அடுத்து இன்றைய தேதி. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பர்சனல் மேனேஜர் ஹேமாவதி போனில் கூப்பிட்டு, "சுகந்தி, என் ரூம் பிரிண்டர்ல டோனர் தீந்துபோச்சு. ஒரு லெட்டர் உங்க பெரிய மெஷினுக்கு அனுப்பிட்டேன். மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க, பன்னெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். யார் கண்ணுலயும் படாத தட்டா பாத்து விடு, என்ன?" என்றாள். "சரிங்க மேடம்" என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் சுகந்தி வரிசையைத் திறந்து பெயரைப் பார்த்தாள். பார்க்காமலே மாற்றியிருக்கலாம். தன் வேலை எதுவோ அதை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பெயரைப் பார்த்தாள், பிறகு கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. ஹேமாவதியின் கம்ப்யூட்டருக்கு ஐந்தாவது தட்டு என்று மாற்றினாள், சேமித்தாள், முடிந்தது. இரண்டு சொடுக்கு. ஒரு மனிதரின் இருபத்தைந்து வருஷத்துக்கு எந்தத் தட்டு என்று தீர்மானிக்க இரண்டு சொடுக்குதான் ஆகிறது.

அந்தப் பம்பு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அறுபத்து நான்கு பேர். அத்தனை பேரின் காகிதமும் கூடத்தின் நடுவில் நிற்கும் அந்த ஒரே மெஷினிலிருந்துதான் வந்தாக வேண்டும். மெஷினின் தலையில் ஒரு தட்டு, அது பொது. பக்கவாட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து தட்டுகள். விற்பனைக்கு முதலாவது, கொள்முதலுக்கு இரண்டாவது, வரைபடக்காரர்களுக்கு மூன்றாவது, ஏற்றுமதிக்கு நான்காவது, சுகந்தியின் சிஸ்டம் பிரிவுக்கு, அதாவது சுகந்திக்கு, ஐந்தாவது. ஹேமாவதியைப் போலத் தட்டு இல்லாதவர்களின் காகிதமெல்லாம் பொதுத் தட்டில் விழும். யாருக்கு எது என்று எழுதி வைப்பது அவள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, இந்த அலுவலகத்தில் காகிதத்துக்குப் பூசாரி அவள்தான். முதலாளியே கூட, "அம்மா, என்னோடது இன்னும் எங்கயோ போய் விழுதே" என்று ஒருநாள் அவளிடம் கெஞ்சியிருக்கிறார். ஐந்தாவது தட்டு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அவளைத் தவிர யாரும் அங்கே குனிவதில்லை. கண்ணில் படாத தட்டு வேண்டுமென்றால் அதைவிட நல்ல தட்டு கிடையாது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. இப்போது படம் போட்ட பக்கங்கள் வருகின்றன போலும், மெஷின் ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கியது. வாங்கட்டும். அது மூச்சு வாங்க வாங்க நஞ்சப்பன் இந்த அலுவலகத்து ஆளாக இருப்பார்.

நஞ்சப்பன் மெஷினுக்கு அருகிலேயேதான் நின்றிருந்தார். அலுவலக உதவியாளர், ஐம்பத்து மூன்று வயது, வான நீலச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கருவறை திறக்கக் காத்திருப்பவர் மாதிரி பொதுத் தட்டைப் பார்த்து நின்றார். தினமும் பதினோரு மணிக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை பொதுத் தட்டைக் காலி செய்து உரியவர்களிடம் கொடுப்பது அவர் வேலை. முன்பெல்லாம் அது பெரிய வேலை. தட்டுகள் வருவதற்கு முன்னால் அறுபத்து நான்கு பேரின் காகிதமும் ஒரே குவியலாக வந்து விழும், அவர்தான் பிரிப்பார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் அறுபத்து நான்கு பெயரையும் எழுத்தின் தோற்றத்தைப் பார்த்தே கற்று வைத்திருந்தார். "சுப்ரமணியனுக்கு முன்னாடி பாம்பு நெளியுங் அம்மணி, முடிவுல ரெண்டு காலு நிக்கும்" என்று ஒருதடவை சிரித்துக்கொண்டே சொன்னார். பெயரைப் பார்த்த கையோடு தாளைக் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்த தாளைத்தான் முன்கையில் அடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போவார். படிக்கத் தெரியாதவர் எதற்குக் கவிழ்க்க வேண்டும் என்று சுகந்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில் யோசித்திருக்கிறாள். போகிற வழியில் நிற்கிறவர்களுக்குப் படிக்கத் தெரியுமே என்பது அவளுக்குத் தோன்றவே ரொம்ப நாள் ஆயிற்று. அறுபத்திரண்டு. அவர் திரும்பித் தடுப்பைப் பார்த்துப் புன்னகைத்தார். வழக்கமான புன்னகைதான். சுகந்தி சட்டென்று திரையில் எதையோ தேடுகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பதிலுக்குச் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் மட்டும் என்ன, அது இன்னும் மோசம்.

அவளுடைய காகிதமும் ஒருநாள் அந்தக் குவியலில் விழுந்திருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால், விவாகரத்து மனு, ஒன்பது பக்கம். வக்கீல் மூன்று படி கேட்டார். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எடுத்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஆபீசில் கொடுத்தாள், புத்திசாலி. கொடுத்த அடுத்த நிமிடம் சர்வர் நின்றுபோய் முதலாளி அறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் வயர்களுக்கு நடுவே மண்டியிட்டுக்கொண்டு, தன் கல்யாணத்தின் ஒன்பது பக்கங்களும் விற்பனைப் பிரிவின் விலைப்பட்டியல்களோடு கலந்து கிடப்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நான்காவது பத்தி, அதை ஏன் அவ்வளவு விவரமாக எழுதச் சொன்னார் வக்கீல்? திரும்பி வந்தபோது மெஷினில் எதுவும் இல்லை. அவள் மேசையில் கீபோர்டுக்கு அடியில், இருபத்தேழு தாளும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நஞ்சப்பன் தடுப்புக்கு வெளியே நின்று, "உங்க பேரு இருந்துச்சுங் அம்மணி. வேற யாரும் பாக்கல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளுடைய காபியை மட்டும் கடைசியாகக் கொண்டுவந்தார். அவள் குடித்து முடிக்கும் வரை வாசலை மறித்த மாதிரி நின்றார், யாரும் உள்ளே வந்து எதுவும் கேட்டுவிடாதபடி. என்ன தெரியும் அவருக்கு? எழுத்து தெரியாது. முகம் தெரிந்திருக்கும். எண்பது, எண்பத்தொன்று. முகத்தைப் படிக்கிறவரிடம் இன்று இந்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது?

நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இருந்தாள்தான். ஆனால் நன்றிக்கு அடியில் கூச்சம் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது, அதுதான் உண்மை. இன்னொரு முறை தன் காகிதம் இன்னொருவர் கையில், அது நஞ்சப்பன் கையாகவே இருந்தாலும், போய்விடக் கூடாது. ஆறு மாதம் கழித்து மெஷின் மாற்றும் பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே, பக்கத் தட்டுகள் வைத்ததாக வாங்கலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். சொந்தக் கூச்சத்தைக் காரணமாக எழுத முடியுமா? அதனால் வேறு காரணங்கள் எழுதினாள். காகிதம் தொலையாது. ரகசியம் காக்கப்படும். கடைசியில், எடை போதவில்லை என்று தோன்றி, காகிதம் பிரிக்கும் ஒரு ஆளின் வேலை மிச்சமாகும் என்று ஒரு வரி. ஒரு ஆள். அந்த வரியை எழுதும்போது ஆளுக்கு முகம் இல்லை. சத்தியமாக இல்லை. இல்லையா? நஞ்சப்பன் அப்போதும் முப்பது அடி தூரத்தில் இதே இடத்தில்தான் நின்றிருப்பார். ஆண்டு விழாவில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை ஸ்கூட்டர் வரை தூக்கி வந்து முன்னால் பத்திரமாக வைத்துக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். "நம்ம அம்மணிக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" தொண்ணூற்று நான்கு. ஒரு ஆளின் வேலை மிச்சம். மிச்சமான வேலை எங்கே போகும்? மிச்சமான ஆள் எங்கே போவார்? எழுதுகிறவர்களுக்கு வரி முடிந்தால் முடிந்தது.

தட்டுகள் வந்த பிறகு அவர் கைகள் சும்மாயிருக்கப் பழகவில்லை. பக்கத் தட்டுகளைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தார். தபால் ஒட்டினார். காபி கொடுத்தார். ஒருநாள் முதல் தட்டில் கிடந்ததை எடுத்து விற்பனைப் பிரிவில் கொடுக்கப் போக, "அண்ணா, நாங்களே எடுத்துக்குவோம், விடுங்க" என்று ஒரு புதுப் பெண் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சுகந்தி ஒரு காரியம் செய்தாள். கணக்குப் பிரிவுக்குத் தட்டு ஒதுக்காமலே விட்டாள். அவர்கள் கேட்டபோதெல்லாம், "அஞ்சாவது தட்டுல சென்சார் கோளாறுங்க, கம்பெனி ஆள் வரணும்" என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறாள். ஆகவே கணக்குப் பிரிவின் காகிதம் பொதுத் தட்டில் விழுகிறது, ஆகவே நஞ்சப்பனுக்குப் பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க ஏதோ இருக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஆட்டியது போதவில்லை. யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு.

இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். வேலையை விட்டு அனுப்புவது என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐந்தரைக்கு மேல், எல்லோரும் கைரேகை வைத்துவிட்டுப் போன பிறகு. ஹேமாவதி உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்குவாள். திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருக்கும். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை. நஞ்சப்பன் எல்லோருடைய காபி டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு அந்த அறைக்குள் போவார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கே கையெழுத்து என்று கேட்பார், போடுவார், பிறகுதான் என்ன என்று கேட்பார். அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு, மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இந்த வேலையின் அட்டையைக் காட்டித்தான் மருந்து. வேலை போனால் அட்டை எத்தனை நாள் செல்லும்? ஐம்பத்து மூன்று வயதில் எந்த வாசலில் போய் நிற்பார்? இப்போதே வரிசையிலிருந்து அழித்துவிட்டால்? ஒரு சொடுக்கு. ஹேமாவதி பன்னிரண்டு மணிக்கு வந்து மறுபடி அனுப்புவாள். யார் அழித்தது என்று மெஷின் குறித்து வைத்திருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் இவள்தான், மறைக்கத் தெரிந்த ஆளும் இவள்தான், அதனாலேயே முதல் சந்தேகமும் இவள் மேல்தான். மகன் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை. வீட்டில் சம்பளக்காரி இவள் ஒருத்தி. பயமாக இருந்தது. இவ்வளவுதானா நான், என்று கேட்டுக்கொண்டாள். ஆமாம், இவ்வளவுதான். ஆனால் இவ்வளவிலும் ஒன்று முடியும். அழிக்க முடியாது, நிறுத்த முடியாது, சொல்ல முடியும். கடிதம் ஐந்தாவது தட்டில் விழும். எடுத்துப் படித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு ஹேமாவதியிடம் கொடுத்துவிடுவாள். சாப்பாட்டு வேளையில் அவரைச் சைக்கிள் ஷெட் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுதான் விஷயம், சாயங்காலம் கூப்பிடுவார்கள், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வாள். யூனியன் வக்கீல் ஒருவரைத் தெரியும், அவரிடம் கூட்டிப்போவாள். முதலாளியிடம் நேராகப் பேசச் சொல்வாள். தானும் கூடப் போவாள். போவாளா? போவாள். அந்த ஒரு வரியையும் சொல்லிவிடுவாள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நாடகம். நூற்று முப்பத்தைந்து.

எழுந்தாள். கூடத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. யாரோ பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். நஞ்சப்பன் நகர்ந்து வழிவிட்டு, "உங்களுதும் வருதுங்களா அம்மணி?" என்றார். "ஆமாங்கண்ணா, ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி, மெஷினின் மறுபக்கம் போய் ஐந்தாவது தட்டுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். மேலே நூற்று நாற்பதாவது பக்கம் விழுந்தது. மெஷின் ஒரு கணம் நின்றது. உள்ளே உருளைகள் மறுபடி சுழலும் சத்தம். அவள் கையை நீட்டினாள். தட்டு காலியாகவே இருந்தது. இன்னொரு கணம். காலி. தலைக்கு மேலே, எங்கோ, ஒரு தாள் இன்னொரு தாளின் மேல் வழுக்கி உட்காரும் மெல்லிய சத்தம் கேட்டது. உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். சுவரில், அவளே அச்சடித்து, அவளே ஒட்டிய அறிவிப்பு: தட்டை மாற்றினால் இனி அனுப்புவதற்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே அனுப்பியது பழைய தட்டுக்கே போகும். தினமும் நாலு பேருக்கு வாய் வலிக்கச் சொல்கிற விஷயம். அனுப்பிட்டேன் என்றுதானே ஹேமாவதி சொன்னாள், அனுப்பப் போகிறேன் என்றா சொன்னாள்? ஊருக்குத்தான் உபதேசம். எழுந்திருப்பதற்குள் பொதுத் தட்டு காலியாகிவிட்டது. மொத்தக் கட்டும் நஞ்சப்பனின் முன்கையில் ஏறியிருந்தது. அவர் மேலே கிடந்த தாளைப் பார்த்தார். கவிழ்க்கப் போன கை நின்றது. மறுபடி பார்த்தார். அவர் முகம் மெதுவாக, சிறுபிள்ளை முகம் மாதிரி, மலர்ந்தது.

"ஏனுங் அம்மணி, இது என்ற பேருதானுங்களே, நஞ்சப்பன்னு?"

சுகந்தி தலையை மட்டும் அசைத்தாள்.

"இத்தன வருசத்துல இந்த மெசினு என்ற பேர அடிச்சதே இல்லீங்க. நானும் தெனம் பாப்பேன்." சத்தத்தைத் தாழ்த்தினார். "இருவத்தஞ்சு வருசம் போன மாசத்தோட முடிஞ்சுதுங்க. அதுக்காவத்தான் இருக்கும். டிரைவர் வையாபுரிக்கு இப்படித்தான் மொதல்ல ஒரு லெட்டரு வந்துச்சு, அப்பறம் மேடையில கூப்பிட்டு சால்வை போட்டாங்க. படிங்க அம்மணி, என்ன போட்டிருக்குது?"

"உள்ள வாங்கண்ணா" என்றாள். அவர் கட்டைக் கணக்குப் பிரிவின் மேசையோரம் வைத்துவிட்டு, அந்த ஒரு தாளை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். தடுப்புக்குள் வந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பொய் சொல்லலாம் என்று அப்போதும் ஒரு எண்ணம் வந்து போனது. சால்வைதான் அண்ணா என்று சொல்லிவிட்டால் ஐந்தரை வரைக்கும் இந்த முகம் இப்படியே இருக்கும். ஆறு மணி நேரச் சந்தோஷம். அதைக் கொடுத்தால் புண்ணியமா, பாவமா? படித்தாள். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் சொன்னாள். எதையும் விடவில்லை, எதையும் மென்மையாக்கவும் இல்லை. மென்மையாக்க அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. முடித்தபோது அவர் சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அது இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?"

"இல்லீங்கண்ணா. நீங்க ஒண்ணுமே பண்ணல."

"காயிதம் எதாச்சும் ஆள் மாறிப் போயிருச்சா?"

"ஒரு நாளும் இல்லீங்கண்ணா."

"அப்பறம் எதுக்குங் அம்மணி?"

சைக்கிள் ஷெட்டில் சொல்வதற்காக அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்து போயிற்று. "என்னாலதான்" என்றாள். "இந்தத் தட்டுகள வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நான். இதை வெச்சா ஒரு ஆளு வேலை மிச்சமாகும்னு எழுதினதும் நான்தான். அந்த ஆளு நீங்கதான்னு எனக்கு அப்பத் தோணலண்ணா. தோணியிருக்கணும்."

நஞ்சப்பன் கண்ணாடிக்கு அப்பால் மெஷினைப் பார்த்தார். யாரோ விற்பனைப் பிரிவு ஆள் முதல் தட்டிலிருந்து எதையோ உருவிக்கொண்டு போனான்.

"அது நல்லதுதானுங்களே அம்மணி" என்றார். "அன்னிக்கு உங்க காயிதம் அப்படிப் பொதுவுல கெடந்தப்ப நீங்க பட்ட பாடு நான் பாத்தனுங்க. அவிங்கவிங்க காயிதம் அவிங்கவிங்க கைக்குத்தான் போகோணும்."

அதற்கு மேல் சுகந்தியால் முடியவில்லை. கூடம் பார்க்கும், ஹேமாவதி வருவாள் என்றெல்லாம் நினைக்கவும் இல்லை. மேசையில் தலையைச் சாய்த்து விம்மி அழுதாள். நஞ்சப்பன் முன்பு போலவே வாசலை மறித்துக்கொண்டு, "அழுவாதீங் அம்மணி, பாக்கறாங்க" என்றார். அவள் நிறுத்தவில்லை. அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.